காலேஜுப் பண்டிதர் மறுபடியும் மாணாக்கர் ஆனார்

ஒருவருக்கு நல்ல உத்தியோகம் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் என்ன சொல்வோம்? படிப்பு முடிந்தது, இனிமேல் கவலை இல்லை என்போம். படித்த புத்தகங்களை மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிடுவோம். அப்புறம் அவற்றைக் கரையான்தான் படிக்கும்!

ஆனால், உத்தியோகம் கிடைத்த அதே வருஷத்தில் மறுபடியும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கிய ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் சாதாரணப் பையன் அல்ல. காலேஜில் பாடம் சொல்லும் தமிழ்ப் பண்டிதர். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். யாரிடம் கேட்டால் தெரியுமோ அவரைத் தேடிப் போய்க் கேட்டார். அந்த ஒரு குணத்தால் தமிழ்நாட்டுக்கே பெரிய லாபம் உண்டாயிற்று.

அவர்தான் டாக்டர் உ. வே. சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்று எல்லோரும் அன்போடு சொல்வது அவரைத்தான்.

ஊர் ஊராகத் தேடிய படிப்பு

கும்பகோணத்துக்கு அருகே உத்தமதானபுரம் என்று ஒரு சிற்றூர். அதுதான் ஐயருடைய சொந்த ஊர். 1855-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் வேங்கடசுப்பையர். சங்கீதம் தெரிந்தவர்; ராமாயணம் போன்ற கதைகளைப் பாட்டோடு சொல்லிப் பிழைத்தவர். வீட்டில் பணம் இல்லை. ஆனால் பிள்ளைக்குத் தமிழ் மேல் உயிர்.

இந்தக் காலத்தைப் போல அப்போது ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கிடையாது. எந்த ஊரில் தமிழ் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறாரோ, அந்த ஊருக்குக் குடி போக வேண்டும். வேங்கடசுப்பையரும் அப்படியே செய்தார். அரியலூர், குன்னம், கார்குடி என்று மகனை அழைத்துக்கொண்டு குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆசிரியர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் என்பவர் பாடம் சொல்லியதோடு நிற்கவில்லை. இதற்கு மேல் படிக்க வேண்டுமானால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போக வேண்டும் என்று வழியும் காட்டினார். தம்மிடம் படிக்கும் பையனைத் தம்மைவிடப் பெரியவரிடம் அனுப்பிவைப்பதற்கும் நல்ல மனசு வேண்டும் அல்லவா?

1871-ஆம் வருஷம் சாமிநாதர் மாயூரத்தில் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். அப்போது வயது 16. பிள்ளை அந்தக் காலத்தின் பெரும் புலவர். உட்கார்ந்தபடியே நூற்றுக்கணக்கான பாட்டுக்களைச் சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் ஒருவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். பாடம் கேட்க வந்தவர்களிடம் ஒரு காசும் வாங்கமாட்டார்.

மாயூரத்தில் இருந்தபோது சாமிநாதர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கொஞ்சநாள் சங்கீதமும் கற்றுக்கொண்டார். நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய அதே பாரதியார்தான். சங்கீதத்தில் மனம் போனால் தமிழில் கவனம் குறையும் என்பது பிள்ளையின் எண்ணம். அது தெரிந்ததும் சாமிநாதர் சங்கீதப் பாடத்தை நிறுத்திவிட்டார். ஆனாலும், பாட்டை ராகத்தோடு சொல்லும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

ஏறக்குறைய ஐந்து வருஷம் பிள்ளையின் நிழலாகவே இருந்தார். 1876-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி பிள்ளை காலமானார். அந்தக் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதர். அதற்குப் பிறகு திருவாவடுதுறை மடத்திலேயே தங்கினார். மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு ஆதரவு கொடுத்தார்; பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

மாதம் 50 ரூபாய்

கும்பகோணத்தில் சர்க்கார் காலேஜ் ஒன்று இருந்தது. படிப்பில் அதற்கு அவ்வளவு பெயர். தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று சொல்வார்கள். அங்கே தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரே. வேலையிலிருந்து ஓய்வு பெறும் சமயம் வந்ததும், தம் இடத்துக்கு யார் வரவேண்டும் என்று செட்டியார் யோசித்தார். சாமிநாதையர்தான் அவர் மனசில் நின்றார்.

செட்டியார் நேரே திருவாவடுதுறைக்கு வந்தார். சாமிநாதையரை அனுப்பவேண்டும் என்று தேசிகரைக் கேட்டுக்கொண்டார். பிரிய மனம் இல்லாவிட்டாலும், ஐயருடைய நன்மையை எண்ணித் தேசிகர் சம்மதித்தார். 1880-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஐயர் காலேஜில் வேலை ஏற்றார். மாதச் சம்பளம் 50 ரூபாய். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பம் கௌரவமாக வாழப் போதுமான பணம்.

வேலை தேடித் தந்த செட்டியாரை ஐயர் ஒருநாளும் மறக்கவில்லை. பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்றே பெயர் வைத்தார்.

ஐயருக்கு இங்கிலீஷ் தெரியாது. மற்ற ஆசிரியர்களெல்லாம் இங்கிலீஷ் படித்துப் பட்டம் பெற்றவர்கள். மாணாக்கர்களிலும் பலர் ஏறக்குறைய அவருடைய வயதே உள்ளவர்கள். ஆனாலும் அவர் பாட்டை ராகத்தோடு பாடி, பிறகு அர்த்தம் சொல்லும் அழகில் வகுப்பு கட்டுப்பட்டு நின்றது. இனி என்ன குறை? சம்பளம் இருக்கிறது; மரியாதை இருக்கிறது; தெரிந்த பாடத்தையே வருஷா வருஷம் சொல்லிக்கொண்டு காலத்தைக் கழித்துவிடலாம்.

அப்படி நடக்கவில்லை. எட்டே மாதத்தில் ஒரு கேள்வி வந்து குறுக்கே நின்றது.

முன்சீபு கேட்ட கேள்வி

சேலம் இராமசாமி முதலியார் என்பவர் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தார். தமிழில் பிரியம் உள்ளவர். அவரை 1880-ஆம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, வியாழக்கிழமை, ஐயர் போய்ப் பார்த்தார்.

என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். ஐயருக்குச் சொல்ல நிறைய இருந்தது. அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, தூது, பிள்ளைத்தமிழ், புராணம் என்று வரிசையாக அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள். இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று பெயரும் சொன்னார்.

ஐயர் படித்ததில்லை. அந்தப் புத்தகங்களே அவருக்குக் கிடைத்ததில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மகாவித்துவானின் மாணாக்கர் என்ற பெருமை ஐயருக்கு இருந்தது. காலேஜுப் பண்டிதர் என்ற பதவியும் இருந்தது. கேட்டவரோ கச்சேரியில் வழக்கு விசாரிக்கும் அதிகாரி. தமிழ்ப் புலவர் அல்ல. இவர் யார் என்னைப் பரீட்சை செய்ய என்று ஐயர் கோபித்துக்கொண்டு வந்திருக்கலாம். பழைய நூல்களால் இப்போது என்ன பிரயோஜனம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் குற்றம் கண்டிருக்கமாட்டார்கள். சம்பளமும் குறைந்திருக்காது.

ஐயர் அப்படிச் செய்யவில்லை. படித்ததில்லை என்று உண்மையைச் சொன்னார். புத்தகம் கொடுத்தால் படிப்பதாக ஏற்றுக்கொண்டார். முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். அதைத் தமக்குப் பாடம் சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். தமக்கே தெரியாத நூலை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும்! ஆகவே, ஐயர் இரவும் பகலும் அதைப் படிக்க ஆரம்பித்தார்.

சமணர் வீட்டுத் தோரணம்

சிந்தாமணி சைன சமயத்துப் புலவர் பாடிய காவியம். சீவகன் என்ற அரசகுமாரனின் கதை. அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய பழைய உரையும் இருந்தது. ஆனால் பாட்டிலும் உரையிலும் சைன மதத்துச் சொற்கள் அடிக்கடி வந்தன. ஐயரோ சைவ மடத்தில் படித்தவர். அந்தச் சொற்கள் அவருக்கு விளங்கவில்லை.

தெரிந்த புலவர்களைக் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை. கும்பகோணத்திலேயே சைனர்கள் வாழ்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். உடனே அவர்கள் இருக்கும் இடம் தேடிப் போனார்.

அவர் போன வீட்டில் அன்று தோரணம் கட்டி அலங்காரம் செய்திருந்தது. கலியாணமோ என்று நினைக்கத் தோன்றும். கலியாணம் இல்லை. அந்த வீட்டார் சிந்தாமணியை ஆறு மாதமாகப் படித்து வந்து, அன்றுதான் பூர்த்தி செய்திருந்தார்கள். அதற்காகத்தான் அந்தக் கொண்டாட்டம்!

பெரும் புலவர்களுக்கும் கிடைக்காத ஒரு நூலைத் தெய்வ நூலாக வைத்துப் படித்து வருகிறவர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். அன்று முதல் ஐயர் அவர்கள் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தார். சந்திரநாத செட்டியார் என்ற சைனப் பெரியவர் அவருடைய சந்தேகங்களைத் தீர்த்தார். அவருக்கும் தெரியாத இடத்தை வீட்டுப் பெண்மணி உள்ளேயிருந்து விளக்கியதும் உண்டு. அந்த அம்மாளிடமிருந்தும் ஐயர் பணிவோடு கற்றுக்கொண்டார்.

பகலில் காலேஜில் அவர் ஆசிரியர். மாலையில் சைனர் வீட்டுத் திண்ணையில் அவர் மாணாக்கர். இதில் அவமானம் ஒன்றும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. தெரிந்தவர் எந்த மதமானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், அவரே குரு என்று நினைத்தார்.

ஏட்டுச் சுவடி என்றால் என்ன?

படித்தால் மட்டும் போதுமா? இந்த நூல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டாமா? சிந்தாமணியை அச்சிடவேண்டும் என்ற எண்ணம் ஐயருக்கு உண்டாயிற்று. அது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், பனையோலை ஏடு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும்.

நீளமான பனையோலைகளில் இரும்பு எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். குறிலுக்கும் நெடிலுக்கும் சில இடங்களில் வேற்றுமை தெரியாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டியிருக்கமாட்டார்கள். எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். எழுதினவர் ஓரிடத்தில் தவறு செய்திருப்பார். அதைப் பார்த்து எழுதினவர் இன்னொரு தவறு சேர்த்திருப்பார். போதாக்குறைக்குச் செல்லும் பூச்சியும் அரித்து நடுநடுவே ஓட்டை விழுந்திருக்கும்.

ஒரே ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு எது சரியென்று சொல்ல முடியாது. பல ஊர்களிலிருந்து பல ஏடுகளைச் சேர்க்க வேண்டும். ஒருவர் ஓர் ஏட்டைப் படிக்க, மற்றவர்கள் தங்கள் தங்கள் ஏடுகளைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். வேற்றுமை கண்ட இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு எது பொருத்தம் என்று யோசிக்க வேண்டும். இதற்குத்தான் பாடம் ஒப்பிடுதல் என்று பெயர்.

இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க அப்போது பள்ளிக்கூடம் ஏது? செய்து செய்துதான் ஐயர் கற்றுக்கொண்டார். காலேஜ் வேலை முடிந்த பிறகு மாலையிலும் இரவிலும் விளக்கடியில் ஏடு பார்த்தார். விடுமுறை வந்தால் ஏடு தேடிப் புறப்பட்டுவிடுவார். அச்சு வேலை சென்னையில் நடந்தபோது, விடுமுறையில் அங்கே போய் அச்சுக்கூடத்துத் தாள்களைத் திருத்தினார். காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பணம் வேண்டும். புத்தகம் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் வாங்கினார். போதாததற்குக் கடனும் பட்டார்.

1887-ஆம் வருஷம் சிந்தாமணி உரையுடன் அச்சாகி வெளிவந்தது. முன்சீபு கேட்டு ஏழு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு ஐயர் கொடுத்த பதில் அது.

இந்தத் துறையில் ஐயர் ஒருவரே உழைத்தார் என்று சொல்லக்கூடாது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவருக்கு முன்பே பழைய நூல்களை அச்சிட்டு வழி காட்டியவர்கள். தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டதும் அதே 1887-ஆம் வருஷத்தில்தான்.

கிழித்துப் போட்ட பதில்

நல்ல காரியம் செய்தால் நாலு பேர் குறை சொல்வார்கள். சிந்தாமணிப் பதிப்பிலே பிழை என்று சிலர் கண்டனம் எழுதி அச்சிட்டுப் பரப்பினார்கள். ஐயருக்கு மனம் நொந்தது. பதில் எழுதினார். எழுதியதைத் தம்மோடு காலேஜில் வேலை பார்த்த சாது சேஷையரிடம் காட்டினார்.

சேஷையர் அதை வாங்கினார், கிழித்துப் போட்டுவிட்டார்! ஒரு கண்டனத்துக்குப் பதில் எழுதினால் அதற்கு மறுப்பு வரும். மறுப்புக்கு மறுபடியும் பதில் எழுத வேண்டும். உள்ள காலமெல்லாம் அதிலேயே போய்விடும். அந்த நேரத்தில் இன்னொரு நூலை அச்சிடலாமே என்று எடுத்துச் சொன்னார்.

ஐயருக்கு இது நன்றாகப் பட்டது. அன்று முதல் கண்டனங்களுக்குப் பதில் எழுதும் எண்ணத்தையே விட்டார். அடுத்த பதிப்பில் திருத்தவேண்டியதைத் திருத்தினார். பதில் சொல்லும் வேலையை அடுத்தடுத்து வந்த புத்தகங்களே செய்தன.

காலேஜில் உடன் வேலை பார்ப்பவர்கள் சும்மா வம்பு பேசவும் உதவுவார்கள். நல்ல புத்தி சொல்லவும் உதவுவார்கள். எதற்கு உபயோகப்படுத்திக்கொள்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

காலேஜ் ஆசிரியர் சொன்ன பௌத்தம்

இதே காலேஜ் நட்பினால் வேறொரு பெரிய காரியமும் நடந்தது. மணிமேகலையை ஐயர் கையில் எடுத்தார். படித்துப் பார்த்தார். கதை புரிந்தது. ஆனால் இடையிடையே வரும் சமயக் கருத்துக்கள் புரியவில்லை. சைவமாகவும் இல்லை, சைனமாகவும் இல்லை. சைனருக்கும் அது விளங்கவில்லை.

காலேஜில் ரங்காசாரியார் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். இங்கிலீஷும் சம்ஸ்கிருதமும் நன்றாகத் தெரிந்தவர். ஐயர் மணிமேகலையில் விளங்காத பகுதிகளை அவரிடம் சொன்னார். இது புத்த மதம் என்று ரங்காசாரியார் கண்டு சொல்லிவிட்டார்.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் செழித்திருந்த பௌத்தம் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. போய்க் கேட்க வீடு இல்லை, ஆளும் இல்லை. மேல்நாட்டுப் பேராசிரியர்கள் புத்த மதத்தைப் பற்றி இங்கிலீஷில் புத்தகங்கள் எழுதியிருந்தார்கள். ரங்காசாரியார் அவற்றைப் படித்து அர்த்தம் சொன்னார். இங்கிலீஷ் தெரியாத ஐயர் கேட்டுக் கேட்டு மனசில் வாங்கிக்கொண்டார். தெரிந்துகொண்டதை மணிமேகலைப் பாட்டோடு வைத்துப் பொருத்திப் பார்த்தார். இருட்டில் விளக்கு ஏற்றினாற்போல ஒவ்வோர் இடமாகத் தெளிவு பிறந்தது.

1898-ஆம் வருஷம் மணிமேகலை வெளிவந்தது. படிப்பவர்களுக்குத் தம்மைப் போலத் திகைப்பு உண்டாகக்கூடாது என்று ஐயர் நினைத்தார். புத்தர் சரித்திரத்தையும் பௌத்த தருமத்தையும் பௌத்த சங்கத்தையும் எளிய தமிழ் வசனத்தில் எழுதி அதோடு சேர்த்தார். தாம் பட்ட கஷ்டத்தை மாணாக்கர் படாமல் செய்வதுதான் நல்ல ஆசிரியரின் லட்சணம்.

நெருப்பில் போன ஏடுகள்

ஏடு தேடி ஐயர் போகாத ஊர் குறைவு. ரயில், மாட்டு வண்டி, கால்நடை எதுவானாலும் சரி. மடங்கள், ஜமீன்தார் அரண்மனைகள், கவிராயர் வீடுகள் எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலித்தார். சில வீடுகளில் அன்போடு கொடுத்தார்கள். சில வீடுகளில் கதவைத் திறக்கவும் மனம் வரவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர் என்ற ஊர். அங்கே கோயிலில் பழைய ஏடுகள் நிறைய இருந்தன என்று கேள்விப்பட்டு ஆவலோடு போனார். கிடைத்த செய்தி என்ன தெரியுமா? பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போடவேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறதாம், அப்படியே போட்டுவிட்டார்களாம்! என்னென்ன நூல்கள் அந்தத் தீயில் போயினவோ, இனி யாருக்கும் தெரியாது. ஐயர் கண்ணீரோடு திரும்பினார்.

சந்தோஷமான நாளும் உண்டு. பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு என்று ஒன்று. அதில் புலவர் கபிலர் 99 பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறார். ஐயரிடம் இருந்த ஏடுகளில் சில பூக்களின் பெயர் விட்டுப்போயிருந்தது. தருமபுரம் மடத்தில் தேடியபோது ஓர் ஏட்டில் அந்தப் பெயர்கள் கிடைத்தன. புதையல் கண்ட ஏழைபோல மகிழ்ந்தார். 1889-இல் பத்துப்பாட்டு வெளிவந்தது.

தொடர்ந்து 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1903-இல் ஐங்குறுநூறு, 1904-இல் பதிற்றுப்பத்து. ஒவ்வொரு புத்தகத்திலும் முந்தியதைவிட வேலை திருத்தமாக இருந்தது. புலவர் யார், உரைகாரர் யார், கதை என்ன, அரும்பதங்களுக்கு அர்த்தம் என்ன, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்றெல்லாம் அகராதிபோல அட்டவணை கொடுத்தார். மாணாக்கருக்குத் தேடும் சிரமம் மிச்சமாயிற்று.

இந்த வேலையால் காலேஜுப் பாடம் கெட்டதா? இல்லை, வளர்ந்தது. பழைய நூல்களை அறிந்தபின் பிற்காலத்து நூல்களின் அர்த்தமும் அவருக்கு இன்னும் தெளிவாயிற்று. அவருடைய பதிப்புகளே காலேஜுகளில் பாடப் புத்தகம் ஆயின.

ஓய்வு பெற்றவர் ஓயவில்லை

கும்பகோணத்தில் 23 வருஷம் பாடம் சொன்னபின், 1903-ஆம் வருஷம் ஐயர் சென்னை இராசதானிக் கலாசாலைக்கு மாற்றப்பட்டார். 1906-இல் சர்க்கார் அவருக்கு மகாமகோபாத்தியாயர் என்ற பட்டம் கொடுத்தது. 1919-இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து விடவில்லை. 1924-இல், 69 வயதில், சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கலாசாலைக்குத் தலைவராகப் போனார். 1927 வரையில் அங்கே இருந்தார். 1932-இல் சென்னைச் சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்துத் தன்னைக் கௌரவித்துக்கொண்டது. காலேஜில் படித்துப் பட்டம் வாங்காத ஒருவருக்கு அந்த மரியாதை!

தம் குருவை அவர் மறக்கவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934-ஆம் வருஷங்களில் இரண்டு பாகமாக வெளியிட்டார். குறுந்தொகைக்குத் தாமே உரை எழுதி 1937-இல் அச்சிட்டபோது வயது 82. அதற்குப் பிறகும் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கை வரலாற்றை வாரா வாரம் எழுதினார். என் சரித்திரம் என்று அதற்குப் பெயர். அது முடியும் முன்பே அவர் வாழ்நாள் முடிந்தது. யுத்த பயத்தால் சென்னை ஜனங்கள் வெளியூருக்குப் போன சமயம் அது. ஐயரும் திருக்கழுக்குன்றத்துக்குப் போயிருந்தார். அங்கே 1942-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது.

அவர் தேடிச் சேர்த்த ஏடுகளையும் புத்தகங்களையும் பாதுகாக்க மறு வருஷமே அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் ஏற்பட்டது. இன்றும் அது சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது. அவர் பாடம் சொன்ன இராசதானிக் கலாசாலையில், கடலைப் பார்த்தபடி, அவருடைய சிலை நிற்கிறது.

நமக்கு என்ன பாடம்?

ஐயரைப் புகழ்கிறவர்கள் அவருடைய ஞாபக சக்தியைச் சொல்வார்கள், உழைப்பைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இவற்றுக்கு முன்னால் ஒன்று இருந்தது. 1880-ஆம் வருஷத்து வியாழக்கிழமை அன்று, படித்ததில்லை என்று அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டாரே, அதுதான் விதை. மற்றதெல்லாம் அதில் முளைத்த மரம்.

இன்று பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் பாடம் சொல்கிறவர்களுக்குப் புத்தகசாலை இருக்கிறது. பயிற்சி வகுப்பு இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் எதையும் தெரிந்துகொள்ளக் கருவிகள் இருக்கின்றன. ஐயருக்கு இவை ஒன்றும் இல்லை. அவரிடம் இருந்தது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியமும், தெரிந்தவரைத் தேடிப் போகும் கால்களும்தான். அவை இல்லாவிட்டால் எத்தனை வசதி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வாத்தியாருக்கு மட்டும் சொன்ன பாடம் அல்ல இது. வயது வந்தபின் எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்மார்களுக்கும், குழந்தை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கும் தகப்பன்மார்களுக்கும் இது பொருந்தும். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். தெரிந்துகொள்ளலாம் வா என்று குழந்தையையும் கூட்டிக்கொண்டு, தெரிந்தவரிடம் போங்கள். பெரிய பண்டிதர் ஒருவர் கும்பகோணத்தில் அப்படித்தான் செய்தார்.